பட்டியலில் எழுதாத பற்றரிகள்

பீலெஃபெல்ட் நகரத்துக்கு வெளியே ஒரு மின்சாதனக் கிடங்கில் நான் பொதி கட்டுகிறேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. சுவிட்ச் என்கிற ஆளி, வயர், உருகி, மோட்டார்ப் பாகம் என்று எது வந்தாலும் உடையாமல் குலுங்காமல் பெட்டிக்குள் இருத்தி அனுப்பவேண்டும். பொதி கட்டுவதில் என்னை வெல்ல ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர் செய்த வேலையைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உக்ரைனில் போர் தொடங்கிய வருடத்து இலையுதிர்காலத்தில், அந்த நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணை என் பக்கத்து மேசையில் வேலைக்கு விட்டார்கள். நாற்பது வயது இருக்கும். அதிகம் கதைக்கமாட்டாள். வந்த முதல் கிழமையில் ஒரு பெட்டியைக் கட்டும்போது உள்ளே இருந்த பொருளை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு சின்னப் பாண் ரொட்டி அளவிலான கறுப்புப் பொருள். பெரிய மோட்டார்களைத் தொடக்குவதற்கான ஆளி அது. கிடங்கில் அதற்கு ஷூட்ஸ் என்று பெயர். வருடக்கணக்காக அதைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். அது யாருக்கு எதற்கு வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"இது எங்களுக்கு வேண்டும்," என்றாள்.

எங்கள் இருவருக்கும் இடையில் ஓடியது உடைந்த ஜேர்மன். அவளுடையது சில மாத வகுப்பில் படித்தது. என்னுடையது முப்பது வருடமாகப் படிக்காமலே சேர்ந்தது. அவள் சொன்னதை மெதுமெதுவாக விளங்கிக்கொண்டேன். அவளும் கணவனும் ஒரு சிறிய நகரத்தின் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு இவள் வந்துவிட்டாள். அவர் அங்கேயே நின்றுவிட்டார். மின்நிலையங்களின் மேல் குண்டு விழுவதால் மின்சாரம் ஒரு நாளைக்குப் பல தடவை நின்று நின்று வருகிறது. ஒவ்வொரு தடவையும் பம்பைத் திரும்பத் தொடக்கவேண்டும். தொடக்கும் ஆளியை இழுக்கும் சுருளோ எரிந்துவிட்டது. மாற்றுவதற்கு வேறு இல்லை. இருக்கிறவை பெரிய நகரங்களுக்கே போதவில்லை.

"அப்படியானால் எப்படித் தொடக்குகிறார்?" என்று கேட்டேன்.

அவள் ஒரு வெறும் அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் நிறுத்தினாள். ஒரு தடியை எடுத்து அதன் நடுவில் அழுத்தி, தடியின் மறுமுனையை மேசை விளிம்பில் இடுக்கிக் காட்டினாள். அவர் காய்ந்த மரக்கட்டையால் ஆளியின் நடுப்பாகத்தை அழுத்தி, அது விலகாமல் கட்டையை இடுக்கிவிடுகிறாராம். அழுத்தும்போது கை கொஞ்சம் தயங்கினாலும் இடைவெளியில் மின்சாரம் நெருப்பாகப் பாயும். முகத்துக்கு நேரே பாயும்.

"ஒரு நாளைக்கு நான்கு தடவை. சில நாள் ஆறு தடவை," என்றாள். சொல்லிவிட்டு அட்டைப்பெட்டியை மடித்துக் குப்பையில் போட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதரின் கை நினைவாகவே இருந்தது. முகம் தெரியாது. பெயர் தெரியாது. கை மட்டும்.

இன்னொரு நாள் இடைவேளையில் அவளிடம் கேட்டேன்: "அவ்வளவு பெரிய படை. நீங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்?" கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்துப் போரைப் பற்றி இதே கேள்வியை என்னிடம் எத்தனை ஜேர்மன்காரர் கேட்டிருப்பார்கள். கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு எரிச்சல் வரவில்லை. கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள்.

"இன்றைக்குக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டார்கள். மூன்றாம் மாடிவரைக்கும் ஏறியதாம்," என்றாள்.

என் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அதே நேரத்தில் பக்கத்து மேசையில் கிடங்கு ஆண்கள் எந்தப் போர்த்தாங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று வாய் கிழியக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியிலும் அதே கதை, வரைபடம், அம்புக்குறி. அவளோ ஒவ்வொரு நாளும் காலையில் வந்து, தண்ணீர் எந்த மாடிவரை ஏறியது என்று மட்டும் சொல்வாள். கொஞ்ச நாளில் நானும் வந்ததும் வராததுமாக அதைத்தான் கேட்கத் தொடங்கினேன்.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர். வாடிக்கையாளர் ஒருவர் பெட்டி நசுங்கியிருக்கிறதென்று திருப்பியனுப்பிய ஷூட்ஸ் ஒன்று கிடங்கில் கிடந்தது. உள்ளே ஒரு கீறலும் இல்லை. அளவும் சரியாக அவர்களுடைய பம்புக்கு ஏற்றது. அதை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

எங்கள் பகுதித் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சிலர் கூடி உக்ரைனுக்குப் பொருள்கள் சேர்த்து லொறியில் அனுப்புவார்கள். அவள் கேட்டதற்காக நானும் போனேன். பொதி கட்ட ஆள் கிடைத்தால் யார் விடுவார்கள்? அங்கே பொறுப்பாக இருந்தவர் நகரசபையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு ஜேர்மன்காரர். எழுபது வயதைத் தாண்டியவர். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போடுவார். எடை பார்ப்பார். உள்ளே என்ன, எத்தனை என்று எழுதி மூன்று பிரதி எடுப்பார். ஒரு பெட்டிக்குள் பத்துச் சோடி காலுறை என்று எழுதியிருந்து ஒன்பது இருந்தால் பெட்டியைத் திரும்பப் பிரிக்கச் சொல்வார். நான் வீட்டில் அவரைப் பட்டியல் ஐயா என்று சொல்லிச் சிரிப்பேன்.

அவரிடம்தான் பற்றரி விடயத்தைக் கொண்டுபோனேன். நிலையத்தின் கிணற்றறை நிலத்துக்குக் கீழே இருக்கிறது, மின்சாரம் நின்றால் கும்மிருட்டு, தலையில் கட்டும் ரோச்சுக்குப் பற்றரி இல்லாமல் தன் கணவர் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் இறங்குகிறார் என்று அவள் சொல்லியிருந்தாள். விரல் பருமனான, திரும்பத் திரும்ப மின்னேற்றும் பற்றரிகள். கடையில் கிடைக்கும். வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

"இந்தத் தடவை முடியாது. இந்த வகைக்குத் தனி அன்ட்ராக் எழுதி அனுமதி எடுக்கவேண்டும். பெட்டிக்குத் தனி அடையாளம் ஒட்டவேண்டும். மூன்று கிழமை, இருபத்தொரு நாள். அடுத்த லொறியில் போகும்," என்றார்.

மூன்று கிழமை! அந்த மனிதர் இருட்டுக்குள் ஒரு கையில் தொலைபேசியும் மறுகையில் மரக்கட்டையுமாக நிற்பது என் கண்ணில் நின்றது. பட்டியல் ஐயாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். தாளைத் தவிர வேறெதையும் கண்டறியாத மனிதர். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பற்றரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். இருபத்தைந்து வயதில் நான் செய்த வேலை இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு சோதனைச்சாவடி தாண்டித் திரும்பும் பெண்களில் நானும் ஒருத்தி. போர்க்காலம் அது; வடக்கே கொண்டுபோகக் கூடாதென்று அரசாங்கம் தடுத்த பொருள்களுக்கு நீண்ட பட்டியல் இருந்தது. சவர்க்காரம், மெழுகுதிரி, பற்றரி. ஒரு வானொலி பாட ஊரே பற்றரிக்கு ஏங்கிய காலம். அரிசி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். பாணைப் பிய்த்துப் பார்ப்பார்கள். கடையில் ஒட்டிய தாள் உரியாத பால்மாத் தகரப் பேணியை மட்டும் பெரும்பாலும் திறக்கமாட்டார்கள். அதனால் நாங்கள் அந்தத் தாளைக் கிழியாமல் உரிக்கப் பழகினோம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் குழந்தைப் பால்மாப் பேணி நான்கு வாங்கிக்கொண்டு வந்தேன். மண்டபத்தில் கேட்டிருந்த பொருள்தான் அது. குசினி மேசையில் வைத்து, சூடுகாட்டிய கத்தியால் உள்மூடித் தாளை மெல்ல எழுப்பினேன். மாவைக் கொட்டி, பற்றரிகளைப் பொலித்தீனில் சுற்றி அடியில் அடுக்கி, மேலே மாவை இறுக்கி நிரப்பினேன். என் கணவர் வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் இந்தக் கலை தெரியும். இஸ்திரிப் பெட்டியைத் தானே எடுத்துச் சூடாக்கினார்.

"தாளுக்கு மேலை துணி போட்டு அமத்தும். நேரடியா வைச்சா சுருங்கும்," என்றார்.

"எனக்குச் சொல்லித்தாறியளே?"

"தராசிலை வைச்சுப் பாரும். நிறை கூடினா மாவைக் குறையும்."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தோம். எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. வயது முப்பது குறைந்ததுபோல் இருந்தது. பேணியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. "எங்களுக்கு ஆர் லொறி அனுப்பினது? ஆர் யன்னலிலை கொடி கட்டினது? சொல்லும் பாப்பம்."

"அதுக்கு அந்த மனிசன் என்ன செய்யும்?"

"நான் அந்த மனிசனைச் சொல்லேல்லை. உலகத்தைச் சொல்லுறன்."

பொய் சொல்வானேன், எனக்கும் பொறாமை இருந்தது. எங்கள் நகரசபைக் கட்டடத்தில் நீலமும் மஞ்சளுமாக அந்தக் கொடி பறந்த முதல் நாள், பஸ் தரிப்பில் நின்று அதை அண்ணாந்து பார்த்தேன். நெஞ்சு அடைத்தது. அவர்களுக்காக அடைத்ததா, எங்களுக்காக அடைத்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை பேணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டியல் ஐயா தராசில் வைத்தார். நிறை சரி. "குழந்தைப் பால்மா, நான்கு" என்று தன் அழகான கையெழுத்தில் எழுதினார். ஷூட்ஸ் இருந்த பெட்டியை நானே கட்டினேன். ஞாயிறு காலையில் லொறி புறப்பட்டது. செவ்வாய் பின்னேரம் அந்த நகரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். குளிர் அந்தக் கிழமையில் இறங்கும் என்று செய்தியில் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஆளியை மாற்றிவிடலாம் என்று அவள் சொன்னாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தில் முதல்முதலாகச் சிரிப்பைக் கண்டேன்.

செவ்வாய் மதியம் இடைவேளையில் அவள் தொலைபேசியோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. உக்ரைன் எல்லையில் லொறியை நிறுத்திவிட்டார்களாம். ஊடுகதிர் எக்ஸ்ரேயில் பார்த்தபோது பால்மாப் பேணிகளுக்குள் வரிசையாக உலோகம் தெரிந்ததாம். வெடிகுண்டு என்று சந்தேகப்பட்டு ஆட்களை விலக்கி, நிபுணர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பட்டியலில் பொய் இருப்பதால் எல்லாப் பெட்டியையும் இறக்கி ஒவ்வொன்றாகப் பிரிக்கப்போகிறார்கள். எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது.

"யாரோ ஒரு மடையன்," என்றாள் அவள். "குழந்தைப் பாலுக்குள்!"

நான் என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டியபடியே இருந்தேன். ஒட்டுநாடாவை இழுத்தேன், வெட்டினேன், ஒட்டினேன். வாயைத் திறக்கவில்லை. சோதனைச்சாவடியில் யாராவது பிடிபட்டால் மற்றவர்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன். பிடிபட்டவளை எனக்குத் தெரியாது, பேணியை எனக்குத் தெரியாது, எனக்கு முன்னால் இருக்கிற பாதை மட்டும்தான் தெரியும். வேலை முடியும்வரை அப்படியே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பயந்துபோனார்.

"ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாதையும். எத்தினை பேர் சாமான் குடுத்தவை. ஆருடையது எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அந்தாள் கட்டையாலை அமத்திக்கொண்டு நிக்குதப்பா."

"அதுக்கு? போய் நான்தான் எண்டு சொல்லப்போறீரோ? உமக்கென்ன விசரே? எழுத்திலை குடுத்தா அது ஃபைலுக்குள்ளை போயிடும். பாஸ்போட்டையும் பறிச்சுப்போடுவாங்கள்."

அப்போதுதான் நான் அவரிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். வவுனியாவிலிருந்து திரும்பும் ஒரு பயணத்தில் என்னிடம் நான்கு பேணி இருந்தது. மூன்றுக்கு மேல் கொண்டுபோனால் சந்தேகப்படுவார்கள் என்று, நான்காவதை எங்களோடு வந்த, எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஒரு அக்காவின் பையில் வைத்தேன். பால்மாதான் அக்கா, வீட்டை வந்து வாங்குறன் என்று சொன்னேன். அவவுக்கு உள்ளே இருந்தது தெரியாது. அவசரத்தில் கட்டிய பேணி அது, இறுக்கமாக நிரப்பியிருக்கவில்லை. சாவடியில் நின்றவன் அதைக் காதில் வைத்துக் குலுக்கினான். அவவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகும்போது அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். பல மாதம் கழித்துத்தான் அவவை விட்டார்கள். என் பெயரை அவ சொல்லவேயில்லை.

கணவர் கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது?"

கடைசியில், "சரி. விடியப் போய்ச் சொல்லும். நான் காரிலை கொண்டுபோய் விடுறன்," என்றார்.

புதன்கிழமை காலை உடைமாற்றும் அறையில் அவளைப் பிடித்தேன். வார்த்தைகளை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. "பேணி என்னுடையது. உள்ளே இருப்பது பற்றரி. ரோச்சுக்கு," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அவளுக்கு விளங்கவில்லை. "எழுதியிருந்தால் போயிருக்குமே. ஏன் ஒளித்தாய்?" என்று கேட்டாள்.

"எங்கள் ஊரில் ஒளித்தால்தான் போகும்."

"யாருக்கு ஒளிப்பது? அங்கே நிற்பவர்கள் எங்கள் ஆட்கள்," என்றாள்.

அந்த ஒரு வசனம் என்னை அப்படியே உட்கார்த்திவிட்டது. முப்பது வருடமாக எனக்கு எல்லை என்றால் ஒரே ஒரு எல்லைதான். அதில் நிற்பவன் பொருள் உள்ளே போகக்கூடாது என்பதற்காக நிற்பவன். அவனை ஏய்ப்பதுதான் வீரம். இருட்டுக்குள் பற்றரியைக் கடத்திக் கொடுத்தால்தான் தாக்குப்பிடிக்கலாம். இவளுடைய எல்லையில் நிற்பவனோ, பொருள் உள்ளே வரவேண்டும் என்று குளிருக்குள் நிற்கிறான். அவனுடைய அம்மா வீட்டிலும் தண்ணீர் மூன்றாம் மாடிக்கு ஏறவேண்டும். அவனுக்குத் தேவையானது ஒன்றுதான், பெட்டிக்குள் இருப்பது தாளில் இருக்கவேண்டும். அந்த ஒன்றைத்தான் நான் கொடுக்கவில்லை.

பட்டியல் ஐயாவுக்கு அவளே தொலைபேசி எடுத்தாள். அரை மணி நேரத்தில் சைக்கிளில் கிடங்கு வாசலுக்கு வந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெட்டி எண் என்ன?" என்றார்.

சொன்னேன்.

"ஒரு பேணியில் எத்தனை?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பட்டியலுக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. அதைப் பார்த்துத்தான் இவ்வளவு காலமும் எங்கள் லொறியை அவர்கள் பிரிக்காமல் விட்டார்கள்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் நான்கு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சிரித்த அந்த மூன்று பிரதிகளும் காலுறைக் கணக்கும்தான் லொறியை ஒவ்வொரு தடவையும் தடையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. என் கெட்டித்தனம் ஒரே தடவையில் அதைக் கெடுத்துவிட்டது.

அவர் ஒரு வாக்குமூலம் எழுதினார். இன்ன பெட்டியில், இன்ன பேணிகளில், இத்தனை பற்றரிகளை நான் வைத்தேன், வேறு யாருக்கும் தெரியாது என்று. கீழே என் முழுப் பெயர், முகவரி. பேனாவைத் தந்தார். ஒளித்ததை வெளியே சொல்லி, அதற்குக் கீழே பெயரையும் எழுதுவது என் பழக்கத்திலேயே இல்லாதது. கையெழுத்துப் போட்டேன். அவள் அதைத் தன் மொழியிலும் எழுதி இரண்டையும் படம் எடுத்து எல்லைக்கு அனுப்பினாள்.

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. பேணிகளையும் பற்றரிகளையும் அவர்கள் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்; அனுமதித்தாள் வந்தால் பற்றரிகளை விடுவார்கள்; பால்மா இனிக் குழந்தைக்கு உதவாது; மற்றப் பெட்டிகள் போகலாம். இவ்வளவு லேசாக ஒரு வாசல் திறக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

பெருமூச்சு விட்டேன். அந்த மூச்சு அடங்குவதற்குள் அவளுடைய தொலைபேசி திரும்பவும் ஒலித்தது. அவள் வாசித்தாள். பக்கத்தில் அடுக்கியிருந்த மரப்பலகைகளின்மேல் உட்கார்ந்தாள். அவள் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கை," என்றாள். தன் வலது உள்ளங்கையை விரித்து, மணிக்கட்டுவரை மறுகையால் தடவிக் காட்டினாள். "இன்றைக்குக் காலையில். கண்ணுக்கு ஒன்றுமில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை."

லொறி நேரே போயிருந்தால் செவ்வாய் பின்னேரமே பெட்டி அவரிடம் இருந்திருக்கும். புதன் காலையில் அவர் கட்டையைத் தொட்டிருக்கவே தேவையில்லை. இதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, இரண்டு பேருக்கும் நாள் எண்ணத் தெரியும். அவள் மேலாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். வியாழன் வந்தபோது தூரத்து மேசையில் நின்று வேலை செய்தாள். எனக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமையும் அவள் என்னோடு கதைக்கவில்லை. ஆளி போய்ச் சேர்ந்த செய்தியை மேலாளர் வாயால்தான் கேட்டேன். சனிக்கிழமை மண்டபத்துக்குப் போவதா வேண்டாமா என்று உடுப்பை மாற்றுவதும் திரும்பக் கழற்றுவதுமாக இருந்தேன். கணவர் பார்த்துவிட்டு, "போகாட்டி இனி ஒருக்காலும் போகமாட்டீர்," என்றார். போனேன்.

மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள். நடுவில் அவளுடைய தொலைபேசி. திரையின் அந்தப் பக்கத்தில் அவள் கணவர். முகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். கிழமைக்கணக்கில் சவரம் செய்யாத, களைத்த, சாதாரண முகம். வலது கை முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தது. தொலைபேசியை யாரோ அவருக்காகப் பிடித்திருக்கவேண்டும். அவர் ஒரு இரும்பு அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே எங்கள் கிடங்கின் ஷூட்ஸ். இடதுகைப் பெருவிரலால் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம். பிறகு மோட்டார் இரையத் தொடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். பட்டியல் ஐயாவும் தட்டினார்.

நான் பின்னால் நின்றேன். அவள் திரும்பி என்னைக் கண்டாள். கையால் முன்னுக்கு வரச் சொன்னாள். அவர் ஏதோ சொல்லித் தலையைக் குனிந்தார், நன்றி என்று விளங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பேணி வைத்தவள் நான்தான் என்று அவருக்குச் சொல்," என்றேன்.

"அவருக்குத் தெரியும். புதன்கிழமையே சொல்லிவிட்டேன்," என்றாள்.

"என்ன சொன்னார்?"

"ஏசினார். நன்றாக ஏசினார். அதை நான் மொழிபெயர்க்கமாட்டேன்."

அவள் முகத்தில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. அவர் இடையில் குறுக்கிட்டு எதையோ கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பற்றரி எப்போது வரும் என்று கேட்கிறார்."

நான் பட்டியல் ஐயாவைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "இன்றைக்கு அன்ட்ராக்கை நிரப்பினால், மூன்று கிழமை," என்றார்.

அவள் அதைத் தொலைபேசியில் சொன்னாள். அவர் தோளை உயர்த்தி இரண்டு மூன்று சொல் சொன்னார். அவருக்குப் பின்னால் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

"மூன்று கிழமை பரவாயில்லையாம்," என்றாள் அவள். "அவர்கள் அங்கேதான் இருப்பார்களாம்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப்போல்தான் சொன்னாள். நான் மேசையில் உட்கார்ந்து அன்ட்ராக் தாளை என் பக்கம் இழுத்தேன். முதல் கட்டத்தில் பெயரை எழுதவேண்டும். தாளிலிருந்த எழுத்துத் தெரியாதபடி கண் கலங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று என் வாழ்நாளில் நான் யாருக்கும் சொன்னதில்லை.